குழாயை விரித்தால் கண் பிழைக்குமா?

கேள்வி சுருக்கமாக இது: "அப்பாவுக்கு 67 வயது. கிளாகோமா என்று சொல்லி ஒரு வருடமாகச் சொட்டு மருந்து போடுகிறார். ஆனால் கண் பிரஷர் எப்போது பார்த்தாலும் 15, 16 தான். பி.பி.க்கு ராத்திரி படுக்கும்போது அம்லோடிபின் சாப்பிடுகிறார். ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து பார்வை நரம்புக்கு நல்லது என்று ஓரிடத்தில் படித்தேன். அதே வகை மாத்திரையால் கிளாகோமா கூடுகிறது என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதை நம்புவது?"

நான் கண் மருத்துவன் இல்லை, மருந்தியல் கற்பிப்பவன். இந்தச் சண்டையைப் பல வருடங்களாக வேடிக்கை பார்த்துவருகிறேன். நீங்கள் படித்த இரண்டு செய்திக்கும் ஆதாரம் இருக்கிறது. குழப்பம் 'ரத்தக் குழாயை விரிக்கும் மருந்து' என்ற பெயரில்தான். எந்தக் குழாயை, உடம்பின் எந்த இடத்தில், எந்த நேரத்தில் விரிக்கிறது என்று கேட்காமல் அந்தப் பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முதலில் நோயைப் பற்றி நாலு வரி. கிளாகோமா என்பது பார்வை நரம்பின் இழைகள் மெல்ல மெல்லச் சாகும் நோய். கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் சதா சுரந்து, கருவிழியின் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்துகொண்டே இருக்கும். வடிகால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும், நரம்பு வெளியேறும் இடத்தில் அது நசுங்கும். சாதாரணக் கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை என்பார்கள். (இனி வெறும் எண்ணை மட்டும் சொல்கிறேன்.) உங்கள் அப்பாவுக்கு 21-ஐத் தாண்டாமலேயே நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இதைச் 'சாதாரண அழுத்த கிளாகோமா' என்கிறார்கள். விநோதமான நோயெல்லாம் இல்லை, கணிசமான பேருக்கு இருக்கிறது.

அழுத்தம் சரியாக இருக்கும்போது நரம்பு ஏன் சாக வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்துதான் ரத்த ஓட்டக் கட்சி பிறந்தது. கட்சிப் பிரிவினை பழையது. 1858-லேயே ஹைன்ரிக் முல்லர், அழுத்தம் நரம்பை நேரடியாக நசுக்குகிறது என்றார். அதே ஆண்டு எட்வர்ட் ஃபான் யேகர், நரம்புக்குப் போகும் ரத்தம் குறைவதுதான் காரணம் என்றார். நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் வழக்கு முடியவில்லை. இன்று பெரும்பாலோர், இரண்டும் சேர்ந்துதான், ஆளுக்கு ஆள் விகிதம் மாறும் என்ற சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ரத்த ஓட்டக் கட்சியின் கையில் நல்ல சாட்சிகள் உண்டு. பார்வை நரம்பின் விளிம்பில் தீக்கொழுந்து வடிவில் சின்னஞ்சிறு ரத்தக் கசிவு தெரியும். அது தெரிந்தவர்களுக்குப் பார்வை இழப்பு வேகமாகப் போகிறது என்பதைக் கனடாவின் ஸ்டீபன் ட்ரான்ஸ் நெடுங்காலம் முன்பே வலியுறுத்தினார். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடமும், குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்களிடமும் சாதாரண அழுத்த கிளாகோமா அதிகம் தென்படுகிறது. பேசல் நகரத்தின் ஜோசப் ஃப்ளாமர், உடம்பு முழுக்க ரத்தக் குழாய்கள் தேவையில்லாமல் சுருங்கும் சுபாவம் சிலருக்கு இருக்கிறது, கண் அதன் ஒரு பகுதி என்றே வாதிட்டார். 1988-ல் கண்டுபிடிக்கப்பட்ட எண்டோதீலின் என்ற பொருள், ரத்தக் குழாயைச் சுருக்குவதில் மகா பலசாலி. அதற்கும் கிளாகோமாவுக்கும் தொடர்பு தேடி நிறைய ஆய்வுகள் நடந்தன.

அப்படியானால் குழாயை விரித்துவிட்டால் போயிற்றே என்று தோன்றும். கணக்கும் ஆசை காட்டுகிறது. ஒரு குழாயில் ஓடும் ரத்தத்தின் அளவு, அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் 10 சதவீதம் கூடினாலே ஓட்டம் ஏறத்தாழ 46 சதவீதம் கூட வேண்டும். மாத்திரை கம்பெனிக்காரர் இதைச் சொன்னால் யாருக்கும் வாய் ஊறும்.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: குழாயின் இரு முனைக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு மாறாமல் இருக்க வேண்டும். மாத்திரை கண்ணுக்கு மட்டும் போவதில்லை. கை, கால், குடல் என்று எல்லா இடத்திலும் குழாயை விரிக்கிறது. அதனால்தான் ரத்த அழுத்தமே இறங்குகிறது, அதற்காகத்தான் அதைச் சாப்பிடுகிறோம். வீட்டில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மொட்டை மாடிக் குழாயில் தண்ணீர் என்ன ஆகும்? பார்வை நரம்பு அந்த மொட்டை மாடி. போதாக்குறைக்கு, உள்ளே வரும் ரத்தத்தை எதிர்த்துக் கண் அழுத்தமும் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஆக, நரம்பை எட்டும் ரத்தம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது, தோராயமாக, ரத்த அழுத்தத்திலிருந்து கண் அழுத்தத்தைக் கழித்தால் வரும் மிச்சம்.

அந்த மிச்சத்தை எளிதாகப் பார்க்க, பி.பி.யின் கீழ் எண்ணை எடுத்துக்கொள்வோம். பகலில் கீழ் எண் 80, கண் அழுத்தம் 16 என்றால் மிச்சம் 64. ராத்திரி தூக்கத்தில் பி.பி. இயல்பாகவே இறங்கும். 55 என்று வையுங்கள். படுத்தால் கண் அழுத்தம் சில புள்ளிகள் ஏறும், 20 என்று வையுங்கள். மிச்சம் 35. அமெரிக்காவில் பால்டிமோரில் நடந்த பெரிய கண் கணக்கெடுப்பின் 1995-ம் ஆண்டு அறிக்கையில், இந்த மிச்சம் 30-க்குக் கீழே இருந்தவர்களிடம் கிளாகோமா சுமார் ஆறு மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அது ஒரு முறை அளந்து பார்த்த கணக்குதான், எது காரணம் எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் வேறு பல நாடுகளின் கணக்கெடுப்புகளும் அதே திசையைத்தான் காட்டின.

இன்னொரு சிக்கலும் உண்டு. நல்ல ரத்தக் குழாய்கள் தாங்களாகவே விரிந்து சுருங்கி ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். பற்றாக்குறை உள்ள இடத்தில் குழாய் ஏற்கெனவே முடிந்த மட்டும் விரிந்திருக்கும். அங்கே மருந்து செய்ய ஒன்றும் இல்லை. பக்கத்தில் நன்றாக இருக்கும் குழாய்தான் மருந்துக்கு மேலும் விரியும். இருக்கிற ரத்தத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். மூளை, இதயம் விஷயத்தில் இந்த 'திருட்டு' நன்கு தெரிந்ததுதான். கண்ணிலும் நடக்கக்கூடும்.

இவ்வளவு முன்கதை இருந்தால்தான் ஆராய்ச்சி முடிவுகள் ஏன் இப்படி முன்னுக்குப் பின் முரணாக வந்தன என்பது புரியும்.

கால்சியத்தைத் தடுக்கும் மருந்துகளில் தொடங்குவோம். அம்லோடிபின் இந்தக் குடும்பம்தான். 1980-களின் இறுதியில் ஜப்பானில் கிட்டசாவா குழு, சாதாரண அழுத்த கிளாகோமா உள்ள 25 பேருக்கு ஆறு மாதம் நிபெடிபின் கொடுத்துப் பார்த்தது. ஆறு பேருக்குப் பார்வைப் புலம், அதாவது நேரே பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் பரப்பு, சற்று தேறியது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மாத்திரைக் குழு இல்லாத ஆய்வு அது. அந்தப் பரப்பை அளக்கும் பீல்டு டெஸ்ட் பழகப் பழக மதிப்பெண் கூடும் என்பது அதைச் செய்துகொண்ட எவருக்கும் தெரியும். ஆக, ஆர்வம் பிறந்தது, நிரூபணம் பிறக்கவில்லை. அடுத்து 2008-ல், மீண்டும் ஜப்பானிலிருந்தே, கொசெக்கி குழுவின் ஆய்வு வந்தது. இது ஒழுங்கான ஆய்வு: 33 பேர், மூன்று வருடம், ஒரு பாதிக்கு நில்வாடிபின், மறு பாதிக்கு வெற்று மாத்திரை. மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பார்வை இழப்பின் வேகம் குறைந்தது, கண்ணின் பின்புற ரத்த ஓட்டமும் கூடியது. நீங்கள் முதலில் படித்த 'நல்லது' என்ற செய்தியின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நில்வாடிபின் கொழுப்பில் எளிதில் கரைந்து மூளைப் பக்கம் புகும் மருந்து, கொடுத்த அளவும் கொஞ்சம். அதன் பலனை அப்படியே அம்லோடிபினுக்கு எழுதிவைக்க முடியாது. இன்னொன்று, 33 பேர் என்பது ஒரு பேருந்தில் அடங்கும் கூட்டம்.

மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் ஆட்களைப் பார்த்த கணக்கு. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வை வைத்து 2007-ல் வந்த கட்டுரை, கால்சியத் தடுப்பு மருந்து சாப்பிட்டவர்களிடம் கிளாகோமா புதிதாக வருவது ஏறத்தாழ இரு மடங்கு என்றது. 2023-ல் பிரிட்டனின் யூகே பயோபேங்க் தரவில் 4,27,480 பேரை அலசிய ஆய்வு, இதே மருந்துக்காரர்களிடம் கிளாகோமா சுமார் 1.4 மடங்கு அதிகம் என்றது. பார்வை நரம்பு இழைகள் புறப்படும் விழித்திரை அடுக்கும் அவர்களுக்கு மெலிந்திருந்தது. ஆனால் கண் அழுத்தம் கூடியிருக்கவில்லை. எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்தது இந்தக் கடைசி வரிதான். மருந்துக்கு உண்மையிலேயே பங்கு இருக்குமானால், அது வடிகால் வழியாக நடக்கவில்லை, ரத்த ஓட்டத்தின் வழியாக நடந்திருக்கலாம் என்று அது கைகாட்டுகிறது.

அதற்காக அம்லோடிபினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். அந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் யார்? பி.பி. உள்ளவர்கள். வயதானவர்கள். டாக்டரிடம் அடிக்கடி போகிறவர்கள், அதனால் கிளாகோமா கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பும் கூடியவர்கள். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துத்தான் பார்க்கிறார்கள். ஆனால் கழிக்கத் தெரிந்ததைத்தானே கழிக்க முடியும். குடையோடு போகிறவர்கள் அதிகம் நனைந்திருக்கிறார்கள் என்பதற்காகக் குடைதான் நனைத்தது என்று சொல்லிவிட முடியுமா?

சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு ஒன்று இந்தப் புதிரில் வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் போடுகிறது. 2011-ல் வெளியான அது, சாதாரண அழுத்த கிளாகோமாக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு டிமோலால் சொட்டும் இன்னொரு பகுதியினருக்கு பிரிமோனிடின் சொட்டும் கொடுத்தது. கண் அழுத்தத்தை இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இறக்கின. ஆனால் பார்வைப் புலம் மோசமானவர்கள் டிமோலால் பக்கம் 39 சதவீதம், பிரிமோனிடின் பக்கம் 9 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு ஒரு விளக்கம், பிரிமோனிடின் நரம்பைத் தானே காக்கிறது என்பது. இன்னொன்று, டிமோலால் கண்ணிலிருந்து ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பையும் இரவு பி.பி.யையும் இறக்கி நரம்பைப் பட்டினி போட்டது என்பது. பிரிமோனிடின் குழுவில் ஒவ்வாமையால் நிறையப் பேர் பாதியில் விலகினார்கள், அதனால் இந்த எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. ஆனால் கண் அழுத்தம் மட்டுமே முழுக் கதை இல்லை என்று காட்ட, இதைவிட நல்ல உதாரணம் என் கைவசம் இல்லை.

டார்சோலமைடு சொட்டு இதற்கு நேர் எதிரான பாடம். அது கண்ணில் கரியமில வாயுவைச் சற்று கூட்டிக் குழாயை விரிக்கிறது, ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது என்று பல சிறிய ஆய்வுகள் காட்டின. ஐரோப்பாவில் கண் அழுத்தம் மட்டும் கூடியவர்களிடம் ஐந்து வருடம் அதைக் கொடுத்துப் பார்த்தபோது, கிளாகோமா வராமல் தடுப்பதில் வெற்றுச் சொட்டைவிட மேலானதாக அது நிரூபணம் ஆகவில்லை. ரத்த ஓட்டம் கூடியதாகக் கருவி காட்டுவதற்கும் பார்வை நிலைப்பதற்கும் நடுவே ரொம்ப தூரம். எண்டோதீலினைத் தடுக்கும் பொசென்டான் மாத்திரையும் அப்படித்தான். சில நாள் கொடுத்தால் கண்ணில் ரத்த ஓட்டம் கூடியது, அதற்கு மேல் கதை நகரவில்லை.

இப்போது எனக்கு மிகவும் சுவையான பகுதி. குழாயை விரிக்கும் வேதிப்பொருள்களில் இரண்டு இன்று உண்மையாகவே கிளாகோமா மருந்தாகக் கடைக்கு வந்திருக்கின்றன. வந்தது ரத்த ஓட்டம் என்ற முன்வாசல் வழியாக இல்லை. வடிகால் என்ற பின்வாசல் வழியாக.

முதலாவது நைட்ரிக் ஆக்சைடு. ரத்தக் குழாயின் உள்தோலே சுரந்து சுவரைத் தளர்த்தும் வாயு இது. 1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் இதற்காக நோபல் பரிசு பெற்றார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையும் இதன் வழியாகத்தான் வேலை செய்கிறது. கண்ணின் வடிகால் சல்லடையிலும் ரத்தக் குழாய்ச் சுவரைப் போலவே சுருங்கி விரியும் செல்கள் உண்டு. நைட்ரிக் ஆக்சைடு பட்டால் அவையும் தளர்கின்றன, நீர் எளிதாக வடிகிறது. இதைப் பயன்படுத்தி, கண் அழுத்தத்தை இறக்கும் பழைய சொட்டான லட்டானோப்ராஸ்டோடு நைட்ரிக் ஆக்சைடைக் கொடுக்கும் துண்டு ஒன்றைக் கோத்து உருவாக்கியதுதான் லட்டானோப்ராஸ்டீன் புனாட். அமெரிக்கா 2017-ல் அனுமதித்தது. பழைய லட்டானோப்ராஸ்டைவிட அது கூடுதலாக இறக்கியது, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், சுமார் 1.2 புள்ளி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஸ்வீடனில் நடந்த ஒரு முக்கிய ஆய்வின்படி கண் அழுத்தத்தில் குறையும் ஒவ்வொரு புள்ளிக்கும் நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. அதனால் சிரித்துத் தள்ள முடியாது, ஆனால் கொண்டாட்டமும் வேண்டாம்.

இரண்டாவது ரோ கைனேஸ் என்ற நொதியைத் தடுக்கும் மருந்துகள். இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை பாசுடில். மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டபின் குழாய்கள் இறுகிச் சுருங்குவதைத் தடுக்க ஜப்பானில் 1990-களிலிருந்து பயன்படுகிறது. அதாவது, பச்சையாகவே குழாய் விரிப்பான். அதன் தம்பிகள் ரிபாசுடில் 2014-ல் ஜப்பானிலும், நெட்டார்சுடில் 2017-ல் அமெரிக்காவிலும் கிளாகோமா சொட்டாக வந்தன. சல்லடையைத் தளர்த்துவதுதான் இவற்றின் முக்கிய வேலை. குழாயை விரிக்கும் குணம் போய்விட்டதா? போகவில்லை. நெட்டார்சுடில் போட்டவர்களில் பாதிக்கு மேல் கண் சிவந்தது. மருந்தின் பழைய சுபாவம் கண்ணாடியிலேயே தெரியும். நரம்புக்குப் போகும் குழாயையும் இவை விரிக்குமா, அதனால் தனி நன்மை உண்டா என்பது ஆய்வகத்தில் நம்பிக்கை தரும் கேள்வி. மனிதரிடம் இன்னும் விடை கிடைத்துவிடவில்லை.

மருந்துத் தாளில் 'கிளாகோமா இருந்தால் எச்சரிக்கை' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நைட்ரேட்டுக்கு அந்தப் பழைய எச்சரிக்கை வந்தது, கண்ணுக்குள் குழாய்கள் விரிந்தால் உள்ளே இடம் குறைந்து, சல்லடை இருக்கும் மூலையான வடிகால் கோணம் மூடிவிடுமோ என்ற அச்சத்தால். 1980-லேயே அளந்து பார்த்தவர்கள், நைட்ரேட் கண் அழுத்தத்தை ஏற்றவில்லை, இறக்கியது என்று எழுதிவிட்டார்கள். கோணம் திறந்த வகை கிளாகோமாவில் அந்த எச்சரிக்கைக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. கோணம் குறுகிய கண்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: கண்மணியை விரிக்கும் தன்மை கொண்ட சில சளி, அலர்ஜி மருந்துகள், வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டோபிரமேட் போன்றவை. வேடிக்கை என்னவென்றால், மூக்கடைப்பு மருந்து ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து. சுருக்குவது கெடுதல் என்றால் விரிப்பது நன்மை என்ற நேர்க்கோட்டுக் கணக்கு கண்ணில் செல்லாது.

மூலிகைப் பக்கம்: ஜின்கோ பிலோபா. 2003-ல் இத்தாலியில் 27 பேரிடம் நாலு வாரத்தில் பார்வைப் புலம் தேறியது என்றார்கள். பின்னால் சீனாவில் அதேபோல் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. ஜின்கோ ரத்தம் கசியும் வாய்ப்பையும் கூட்டலாம். ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக ஆரம்பிக்க வேண்டாம். பச்சை இலைக் காய்கறிகளில் நைட்ரேட் நிறைய, உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும். அமெரிக்காவில் செவிலியர்களையும் மருத்துவத் துறையினரையும் நீண்டகாலம் பின்தொடர்ந்து 2016-ல் வெளியான ஆய்வில், இதை அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கிளாகோமா 20 முதல் 30 சதவீதம் குறைவு. கீரை சாப்பிடுகிறவர்கள் மற்ற விதத்திலும் ஒழுங்காக இருப்பவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகம் இங்கேயும் உண்டு. ஆனால் கீரை சாப்பிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அம்லோடிபினைத் தானாக நிறுத்த வேண்டாம். கட்டுப்படாத பி.பி. மூளையையும் இதயத்தையும் அடிக்கும், கண்ணின் ரத்தக் குழாய்களையும் விட்டுவைக்காது. கேட்க வேண்டியது ராத்திரி வேளையைப் பற்றி. அமெரிக்காவின் ஐயோவாவில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே 1990-களிலிருந்தே, படுக்கும்போது பி.பி. மாத்திரை சாப்பிடுவது இரவு இறக்கத்தை இன்னும் ஆழமாக்கிப் பார்வை நரம்பைக் காயப்படுத்தக்கூடும் என்று சொல்லிவந்தார். 2014-ல் வந்த ஆய்வு ஒன்றும் சாதாரண அழுத்த கிளாகோமாக்காரர்களில், இரவில் பி.பி. அதிக நேரம், அதிக ஆழம் இறங்கியவர்களுக்கே பார்வைப் புலம் வேகமாகப் போனதைக் கண்டது. எதிர்ச்சாட்சியையும் சொல்லியாக வேண்டும்: கனடாவின் பெட்மெட் ஆய்வு, படுக்கும்போது மாத்திரை எடுத்தவர்களுக்குப் புதிதாகக் கிளாகோமா அதிகம் வரவில்லை என்றது. ஆனால் அது பொதுவான பி.பி.காரர்களைப் பற்றியது. ஏற்கெனவே அடிபட்ட நரம்பு அதே மாதிரி தாங்கும் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது.

ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினால் இதயத்துக்கு நஷ்டமா? பிரிட்டனில் 21,104 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான டைம் ஆய்வு, காலையோ மாலையோ, மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை என்று காட்டியது. பெட்மெட்டும் இதையே சொன்னது. ஆக, மாற்றிக் கேட்டுப் பார்ப்பதில் இழப்பு ஏதும் தெரியவில்லை.

பி.பி. பார்க்கும் டாக்டரிடமும் கண் டாக்டரிடமும் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்கும்படி இரண்டையும் எடுத்துப்போங்கள். இருவரும் தனித்தனியே சரியாக எழுதி, சேர்ந்தபோது இரவு இரண்டு மணிக்கு நரம்பு பட்டினி கிடந்த கதைகள் உண்டு. 24 மணிநேரமும் கையில் கட்டிவைத்து அளக்கும் பி.பி. கருவி ஒரு நாளைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். இரவு எண் எவ்வளவு இறங்குகிறது என்பது அப்பாவின் கிளினிக் பி.பி.யைப் பார்த்து யாராலும் ஊகிக்க முடியாதது. சொட்டு டிமோலாலாக இருந்தால் அதையும் குறிப்பிட்டுக் கேளுங்கள். எது எப்படியானாலும் கண் அழுத்தச் சொட்டை விடவே கூடாது. 1998-ல் வெளியான பெரிய ஆய்வில், இதே வகை கிளாகோமாவில், ஏற்கெனவே 'சாதாரணமாக' இருந்த அழுத்தத்தை மேலும் 30 சதவீதம் இறக்கியபோது, நோய் முற்றியவர்கள் 35 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தார்கள். ஆக அப்பாவின் 15, 16 என்ற எண்ணைக் கண் டாக்டர் 11-க்குக் கொண்டுபோகப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள்.